பெயர் அழிந்த இரண்டு குப்பிகள்

ஏப்ரல், திங்கட்கிழமை: முனைவர் பட்ட ஆய்வுக் குழுவின் கூட்டம் வெள்ளிக்கிழமை முற்பகல் நடைபெறும் என்று துறைக்கு அறிவிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை: ஆய்வு மாணவி தம் ஆய்வேட்டின் முடிவுரைக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை. புதிய பரிசோதனை ஒன்று செய்வதென முடிவாயிற்று.

புதன்கிழமை: இரண்டு நொதிக் கரைசல்கள் வெந்நீர்த் தொட்டியில் சூடாக்கப்பட்டன. வெளியே எடுத்தபோது குப்பிகளின்மேல் பெயர் இல்லை.

வியாழக்கிழமை: மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை. பரிசோதனை நடந்தது. மாலையில் மின்சாரம் வந்தது.

வெள்ளிக்கிழமை: கூட்டம் நடந்தது.

நடந்தவை இவ்வளவே. இவற்றுக்கு இடையே என்ன நடந்தது என்பதை, துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. கருவிகளை எப்படி இயக்குவது என்பதை உங்களுக்குக் கற்றுத்தரப் பலர் இருக்கிறார்கள். கருவி நின்றுபோன நேரத்தில், கைக்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது, எதை நம்புவது என்பதைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில், ராசிபுரம் சாலையிலுள்ள நம் கல்லூரியில் நடந்தது இது.

இதில் வருபவர்கள் சிலரே. என் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த மாணவி கோகிலா, ஆட்டையாம்பட்டிக்காரர். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அவருக்கு இளையவரான சரவணன், நாமக்கல்லில் லாரித் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவரின் மகன். வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் குழு உறுப்பினர் ஒருவர். பிறகு மேடம். வேதியியல் துறையில் பேராசிரியராக இருந்தவர். வேதி வினைகளின் வேகத்தை அளப்பது அவருடைய துறை. மாணவர்கள் எல்லோரும் அவரை மேடம் என்றே அழைத்தார்கள்; கல்லூரி வளாகத்துக்குள் நானும் அப்படித்தான் அழைத்தேன். அவர் என் மனைவி. சென்ற தை மாதம் காலமானார். அதைப் பற்றி இக்கட்டுரையில் இதற்குமேல் இல்லை.

பிற துறைகளிலிருந்து வந்திருப்போருக்காக நொதியைப் பற்றிச் சில வரிகள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. செல்லுக்குள் உருவானதும் அது தனக்குரிய வடிவத்துக்கு மடிய வேண்டும். மடியாத சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரண்டு வீணாகும். சங்கிலியில் புரோலின் என்ற அமினோ அமிலம் வரும் இடத்தில் ஒரு பிணைப்பு இரண்டு நிலைகளில் நிற்கக்கூடியது. ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தானாகத் திரும்ப நேரம் பிடிக்கும். அதை விரைவாகத் திருப்பிவிடுவது எங்கள் நொதியின் தொழில். அது ஆர்க்கியா இனத்து உயிரி ஒன்றுக்குச் சொந்தமானது. ஆர்க்கியா என்பவை பார்வைக்கு பாக்டீரியாவைப் போலிருந்தாலும் வேறொரு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிரிகள். கடலடி வெந்நீர் ஊற்றின் அருகே வாழும் அந்த உயிரியை எங்களில் எவரும் பார்த்ததில்லை. அதன் மரபணுவைச் சாதாரண ஆய்வக பாக்டீரியாவுக்குள் செலுத்தி, நொதியை மட்டும் பெற்றுக்கொண்டோம்.

அந்த நொதிக்கு இரண்டு கட்டமைப்புப் பகுதிகள். ஒன்று, பிணைப்பைத் திருப்பும் மையப் பகுதி. இது எல்லா உயிர்களின் இவ்வகை நொதிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. மற்றொன்று, மையப் பகுதியின் மேல் மடல்போல் நீளும் வளைவுக்குள் செருகப்பட்ட ஒரு சிறு பகுதி. மனிதனுடைய நொதியில் அது இல்லை. இந்தச் செருகல் எதற்காக? கோகிலாவின் ஆய்வேடு முழுவதும் இந்த ஒரு கேள்விதான். அவர் செருகலை மட்டும் வெட்டி நீக்கிய ஒரு நொதியைத் தயாரித்தார். முழு நொதியையும் வெட்டிய நொதியையும் அருகருகே வைத்து அளந்தார். இரண்டும் ஒரே வேகத்தில் பிணைப்பைத் திருப்பின.

"லாரிக்குத் தார்ப்பாய் மாதிரிங்க சார் அது," என்று சரவணன் ஒருநாள் சொன்னார். "இருந்தாலும் வண்டி ஓடும், இல்லைன்னாலும் ஓடும்." அன்று முதல் ஆய்வகத்தில் செருகலுக்குத் தார்ப்பாய் என்றே பெயராயிற்று. கோகிலாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "உங்கப்பா கடையில போயி இத சொல்லு, செருப்பால அடிப்பாரு," என்றார்.

அந்த அளவீட்டை நாங்கள் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்காக நாங்கள் பட்ட பாடு. வெந்நீரில் வாழும் உயிரியின் நொதியைக் குளிர்ந்த நீரில்தான் அளக்க வேண்டியிருந்தது. வெதுவெதுப்பில் அந்தப் பிணைப்பு தானாகவே திரும்பிவிடுவதால் நொதியின் பங்கைப் பிரித்தறிய முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுக் கோடையில் குளிரூட்டும் கருவி பழுதாகிவிட்டது. மேட்டூர் அணை மீன் கொண்டுவரும் வியாபாரி ஒருவரிடம் பனிக்கட்டிப் பாளங்கள் வாங்கி, அவற்றை உடைத்துத் தொட்டியில் கொட்டி, கோகிலா வாரக்கணக்கில் அளந்தார். அறை முழுவதும் ஜிலேபிக் கெண்டையின் வாசம்.

"ஆர்க்கியாவுக்குக் கடல் ஞாபகம் வந்துரும் மேடம்," என்றார் சரவணன்.

"இது ஆத்து மீனுடா," என்றார் மேடம். "அதுக்கு வித்தியாசம் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

அளவீடுகள் அப்பழுக்கில்லாமல் வந்தன. மீண்டும் மீண்டும் செய்தபோதும் அதே எண்கள். ஆகவே எங்களுக்கு அவற்றின்மேல் ஒரு பாசம் ஏற்பட்டுவிட்டது. இளைய நண்பர்களே, இதைக் கவனியுங்கள். பாடுபட்டுப் பெற்ற எண்ணை மனிதர்கள் எளிதில் சந்தேகிப்பதில்லை. ஓர் அளவீடு துல்லியமாக இருப்பதும், அது நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு விடையாக இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். பனிக்கட்டி உடைத்த களைப்பில் நாங்கள் அதை மறந்திருந்தோம்.

முந்தைய கூட்டத்தில் வெளி உறுப்பினர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார்: வெட்டினோம், ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும் ஓர் ஆய்வேடாகாது, செருகலுக்கு ஒரு வேலையைக் காட்ட வேண்டும், இல்லையேல் சமர்ப்பிக்கப் பரிந்துரைக்க இயலாது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோகிலாவின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பரிந்துரை கிடைக்காவிட்டால் ஆய்வைக் கைவிட்டுவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அந்த வாரம் கல்லூரிக்கு வந்திருந்தார். அதை என்னிடம் அழாமல் சொன்னார். அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதிய உணவின்போது மேடம் என் அறையில் முடிவுரையின் படியை எடுத்து உரக்கப் படித்தார். "‘இப்பகுதிக்கு நொதியின் பணியில் பங்கு எதுவும் காணப்படவில்லை.’ சார், இது யாரோட வாக்கியம்?"

"என்னோடதுங்க மேடம்," என்றார் கதவருகில் நின்ற கோகிலா.

"நீ இத நம்பறயா?"

"நம்பலீங்க. ஆனா அளந்தா அப்படித்தானுங்களே வருது."

"நம்பாத வாக்கியத்த எதுக்கு சாமி எழுதுன?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதோ ஒண்ணு எழுதோணுமுங்களே மேடம்."

மேடம் தாளை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க," என்றார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. வளாகத்துக்குள் அவர் என்னைச் சார் என்றுதான் அழைப்பார். கோபம் வரும்போது மட்டும் கணவனை அழைக்கும் அவருடைய திருச்செங்கோட்டு வழக்கம் மீறிக்கொண்டு வந்துவிடும். மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். ‘ஏனுங்க’ காதில் விழுந்த கணமே, உள்ளே வரவிருந்த சரவணன் நடைக்கூடத்திலேயே திரும்பிவிட்டார்.

"ஏனுங்க, தார்ப்பாய் கட்டாம லாரி ஓடுதான்னு பாத்தீங்க. ஓடுது. சரி. மழை பெஞ்சா சரக்கு நனையுதான்னு பாத்தீங்களா?"

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாங்கள் அளந்ததெல்லாம் நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கின்மேல். அதில் மடிவதற்கு ஒன்றுமில்லை. ஒட்டித் திரள்வதற்கும் ஒன்றுமில்லை. செல்லுக்குள் அந்த நொதி சந்திப்பதோ, மடியாமல் அவிழ்ந்து கிடக்கும் முழுப் புரதங்களை. அவற்றை அது பிடித்துக்கொள்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறதா என்று நாங்கள் கேட்கவேயில்லை. நொதி எங்களிடம் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது.

"முழுப் புரதம் வேணுமுங்க மேடம்," என்றார் கோகிலா. "அவுத்து உட்டா ஒட்டிக்கற மாதிரி ஒண்ணு. பெங்களூர்ல சொன்னாக்கூட வர ஒரு வாரம் ஆகுமுங்க."

மேடம் சிரிக்கத் தொடங்கினார். "ஏங்கண்ணு, நாமக்கல்லுப் பக்கத்துல ஒக்காந்துட்டு, புரதத்துக்குப் பெங்களூருக்கு ஆள் உடறயா? ஃப்ரீசர்ல என்ன இருக்குது?"

உறைபெட்டியில் லைசோசைம் இருந்தது. முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கப்படும் புரதம். பாக்டீரியாவின் உறையை உடைப்பதற்காக எல்லா ஆய்வகங்களிலும் டப்பா டப்பாவாக வைத்திருப்பார்கள். எங்களைப் பொறுத்தவரை அது ஒரு கத்தி. கத்தியையும் ஒரு புரதமாகப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. யூரியாவில் கரைத்து, அதன் உள்பிணைப்புகளை அறுத்து, முற்றிலும் அவிழ்த்துவிட்டால், பிறகு வெறும் உப்புக் கரைசலில் விட்டதும் அது ஒட்டித் திரண்டு கலங்கும். நொதி காப்பாற்றினால் கலங்காது. விடை கண்ணுக்கே தெரியும்.

புதன்கிழமை காலையில் கோகிலா லைசோசைமை அவிழ்க்க வைத்தார். முழு நொதியையும் வெட்டிய நொதியையும் அன்றே புதிதாகத் தூய்மை செய்தார். எங்கள் நொதியைத் தூய்மை செய்வதில் கடைசிப் படி மிக இன்பமானது. கலவையை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் அதில் எஞ்சியிருக்கும் பாக்டீரியாப் புரதங்கள் எல்லாம் பால் திரிவதுபோல் திரிந்து அடியில் படியும்; வெந்நீரில் பிறந்த நம் நொதி மட்டும் தெளிந்த நீரில் அமைதியாக இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

வெந்நீரில் நொதியை வைப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. அன்று அதைச் செய்தோம். சூட்டில் மூடி எகிறக்கூடாதென்று கோகிலா திருகு மூடிக் குப்பிகளுக்கு மாறியிருந்தார். வழக்கமாக மூடிமேல் எழுதும் பெயரைப் பக்கவாட்டில் எழுதினார். ஆய்வகப் பேனா வற்றியிருந்தது. சரவணன் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை நீட்டினார். அது வகுப்பறை வெள்ளைப் பலகையில் எழுதும் பேனா.

தொட்டியின் மூடியைத் திறந்தபோது, குப்பிகளைச் செருகும் மிதவையில் இரண்டும் ஆவிக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஓர் எழுத்துகூட இல்லை.

"போர்டு பேனாவுல எழுதுனா போர்டு மாதிரிதான் அழியும்," என்றார் கோகிலா. குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "ஏன்டா சரவணா, உனக்கு வேற பேனாவே கெடைக்கலியா?"

"அக்கா, நீங்கதான அவசரம்னீங்க."

"அவசரம்னா தெருவுல கெடக்கறதயெல்லாம் எடுத்துக் குடுப்பியா?"

பிறகு அவர் ஒரு குப்பியை உயர்த்திப் பிடித்தார். "சார், எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. மிதவையில இந்தப் பக்கம் வெச்சது வெட்டுனது. அது முழுசு. எழுதிரட்டுங்களா?"

அந்த நொடியை உங்களில் ஒவ்வொருவரும் ஒருநாள் சந்திப்பீர்கள். சொல்பவர் நேர்மையானவர், கவனமானவர், அவரைவிட அந்தக் குப்பிகளை அறிந்தவர் உலகில் இல்லை, நேரமோ இல்லை. எழுதிவிடச் சொல்வது எவ்வளவு எளிது! எழுதியபின் அது நினைவு அல்ல, பெயர். பெயரை யாரும் பிறகு கேள்வி கேட்பதில்லை.

"வேண்டாம்," என்றேன். "எடையைக் கேட்போம்."

எடையைக் கேட்பது என்றால், ஜெல் எனப்படும் கூழ்மப் பலகையில் மின்சாரத்தின் துணையோடு இரண்டையும் ஓடவிட்டுப் பார்ப்பது. பெரிய புரதம் மேலேயே நின்றுவிடும். சிறியது கீழே இறங்கும். சரவணன் உடனே ஜெல்லைத் தயார் செய்யப் புறப்பட்டார். அப்போதுதான் மேடம் வந்தார். நடந்ததைக் கேட்டார். கோகிலா திட்டு விழும் என்று காத்திருந்தார். மேடத்தின் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு," என்றார்.

"மேடம்!" என்றார் கோகிலா.

"நாளைக்கு நாள் முழுக்க கரண்ட் இல்ல, தெரியுமில்ல? கலங்கலை அளக்கற மெஷினும் ஓடாது. கண்ணாலதான் பாக்கோணும். எது எதுன்னு தெரிஞ்சிருந்தா, உன் கண்ணு உனக்கு வேண்டியதத்தான் பாக்கும். என் கண்ணும் அப்படித்தான். இப்ப யாருக்குமே தெரியாது. இந்த வரத்த எதுக்கு ஜெல் ஓட்டிக் கெடுத்துக்கறீங்க? மொதல்ல பரிசோதனை. அப்புறம் ஜெல்."

"எனக்குத் தெரியுமுங்களே," என்றார் கோகிலா.

"உன் ஞாபகத்துக்கு எடை எவ்வளவுன்னு ஜெல்லுல ஓட்டிப் பாத்திருக்கியா சாமி?"

ஊசியால் ஒரு குப்பியில் கீறினோம். கீறல் உள்ளது, கீறல் இல்லாதது. கோகிலா ‘வெட்டியது’ என்று உறுதியாகச் சொன்னதன்மேல்தான் கீறல் விழுந்தது.

மறுநாள் மின்விசிறியும் இல்லாத சேலத்துக் கோடை. ஜன்னல்களைத் திறந்தால் அனல்; மூடினால் புழுக்கம். அந்த அறையில் வியர்க்காமல் இருந்தது எங்கள் நொதி மட்டுமே. ஜன்னலோரம் நான்கு கண்ணாடிக் குழாய்களை நிறுத்தினோம். முதலாவதில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில், நொதி அல்லாத வேறொரு சாதாரணப் புரதம். எந்தப் புரதத்தைச் சேர்த்தாலும் கலங்கல் குறைந்துவிடுமோ என்று பார்த்துக்கொள்ள அது வேண்டும் என்றவர் மேடம். மற்ற இரண்டிலும் கீறல் உள்ள குப்பியின் நொதியும், கீறல் இல்லாததன் நொதியும். குழாய்களுக்குப் பின்னால் ஒரு நாளிதழை நிமிர்த்தி வைத்தோம். குழாய் வழியே எழுத்தைப் படிக்க முடிகிறதா என்பதுதான் அளவை.

அவிழ்த்த லைசோசைமை விட்டதும் முதல் குழாய் கண்ணெதிரே வெளுத்தது. இரண்டாவதும் அப்படியே. கழனித் தண்ணீர் போல. கீறல் இல்லாத குப்பியின் குழாய் சற்றுத் தயங்கி, அதுவும் வெளுத்தது. கீறல் உள்ளதன் குழாய் மட்டும் அப்படியே நின்றது.

"படிக்க முடியுது!" என்று கத்தினார் சரவணன். "‘மணமகன் தேவை. சொந்தத் தறி, சொந்த வீடு.’ அக்கா, உங்களுக்கான வெளம்பரம்."

யாரும் சிரிக்கவில்லை. கோகிலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், கீறுனது வெட்டுனதுங்க," என்றார். "தார்ப்பாய் இல்லாததுதான் காப்பாத்துது. அப்ப நான் சொன்னதெல்லாமே தலைகீழுங்க. பங்கே இல்லைன்னு எழுதுனதுகூடத் தேவலையா இருந்திருக்கும்."

ஆறுதல் சொன்னால் அது பொய்யாகலாம். ‘உங்கள் நினைவு தவறாக இருக்கலாம்’ என்று சொன்னால், நான் விரும்பும் முடிவுக்காக அவருடைய நேர்மையைச் சந்தேகிப்பதாகும். முடிவு தெரியாத நேரத்தில் முடிவு தெரியாது என்று மட்டும் சொல்லும் மன உறுதி, நம் தொழிலில் எல்லாவற்றையும்விடக் கடினமானது. "ஜெல் ஓடும்வரை நமக்கு எதுவும் தெரியாது" என்றேன். இருவருக்கும் போதாத வார்த்தைதான்.

கோகிலா கூட்டத்தின் தேநீருக்காக வீட்டிலிருந்து கைமுறுக்கு ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தார். மேடம் அதை எடுத்து நடுவில் வைத்தார்.

"அது குழுவுக்குங்க மேடம்."

"குழு நாளைக்குத்தான் வருது. பசி இன்னைக்கே வந்துருச்சு. நல்லதோ கெட்டதோ, வெறும் வயித்துல தெரிஞ்சுக்க வேண்டாம்."

ஆட்டையாம்பட்டி முறுக்கின் ஒலி பெரிது. நால்வரும் பேசாமல் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், கடைசியில் கோகிலாவே சிரித்துவிட்டார். "எங்க தறிச் சத்தமே தேவலீங்க," என்றார். மேடம் தம் பங்கில் பாதியை என் தட்டில் வைத்தார். மாலையில் மின்சாரம் வந்ததும் ஜெல்லை ஓட்டி, சாயத்தில் ஊறவைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை காலையில் சாயத்தை வடித்து, ஜெல்லை வெளிறவைக்கும் கரைசலில் போட்டோம். நீலப் பலகை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, புரதம் உள்ள இடங்களில் மட்டும் கோடுகள் தங்கும். அது அவசரப்படாது. வெளி உறுப்பினரோ சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், அயோத்தியாப்பட்டணத்து நெரிசலுக்குப் பயந்து விடியும்போதே கிளம்பியிருக்கிறார். கூட்ட அறைக்குப் போகாமல் நேரே ஆய்வகத்துக்கு வந்து, தட்டின்மேல் குனிந்தார்.

"என்னம்மா இது, காலங்காத்தால ஜெல்லு?"

கோகிலா எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைப் பலகைப் பேனாவை மறைக்கவில்லை. தம் நினைவில் கீறல் எதன்மேல் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. நான் அருகில் நின்று ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"வேற புரதம் போட்டு ஒண்ணு பாத்தியா?" என்று கேட்டார் அவர்.

"பாத்தோமுங்க சார். அதுவும் கலங்குச்சுங்க."

"யாரு சொல்லிப் போட்ட?"

கோகிலா மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஐந்து தலைகள் அந்தச் சிறு தட்டின்மேல் குனிந்திருந்தன. முதலில் தெரிந்தது, ஒப்பிட்டுப் பார்க்க ஓடவிட்ட, எடை தெரிந்த புரதங்களின் ஏணிப்படிக் கோடுகள். அதன் பின் ஒரு கோடு, கீழே. அதன் பக்கத்து வழியில் இன்னொன்று, அதைவிட நன்றாக மேலே. எந்த வழியில் எதை ஊற்றினோம் என்பதைச் சரவணன் விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார்.

"அக்கா," என்றார். "கீறுனது மேல நிக்குது."

மேலே நிற்பது பெரியது. பெரியது முழு நொதி. தெளிவாக இருந்த குழாயில் இருந்தது முழு நொதி. தார்ப்பாய் போர்த்திய சரக்கு நனையவில்லை. கலங்கிய குழாயில் இருந்தது வெட்டியது. கோகிலா அத்தனை உறுதியாக நினைவு வைத்திருந்தது தலைகீழாக இருந்தது. ஆவிக்குள் மிதவை சுற்றியதில், அவர் வைத்த பக்கம் எப்போதோ எதிர்ப்பக்கமாகியிருக்கிறது.

புதன்கிழமை அந்த நினைவை நம்பிப் பெயரெழுதியிருந்தால், வெட்டிய நொதிதான் காக்கிறது என்று ஆய்வேட்டில் எழுதியிருப்போம். மனமறிந்த பொய் ஒரு வரிகூட இல்லாமல், முழுக்கப் பொய்யான ஓர் ஆய்வேடு.

கோகிலா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். சிரிப்பு வெளியே வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. "எனக்கு அவ்வளவு நல்லா ஞாபகம் இருந்துதுங்க சார்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "அவ்வளவு நல்லா!"

"இனிமே சத்தியம் பண்றதுக்கு முன்னாடி ஜெல் ஓட்டு சாமி," என்றார் மேடம். அவருடைய கண்கள் நனைந்திருந்தன. அவர் அதைத் துடைக்கவில்லை.

வெளி உறுப்பினர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "கண்ணால பாத்தது மட்டும் போதாது. மெஷின்ல ஒருதடவை அளந்து, அந்தப் படத்தையும் சேத்துக் குடும்மா. நான் பரிந்துரை பண்றேன்." கதவுவரை போய்த் திரும்பினார். "ஆய்வேட்டுல தார்ப்பாய்னு மட்டும் எழுதிடாத. அது சரி, ஆட்டையாம்பட்டிப் பொண்ணு ஒண்ணு இங்க படிக்குதுன்னு சொன்னாங்களே. முறுக்கு எங்க?"

தூக்கு காலியாக இருந்தது. சரவணன் அதைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளேயிருந்து சீரகம் இரண்டு விழுந்தது.

அன்று மாலைக்குள் கருவியில் அளந்தாயிற்று; குழாய்கள் சொன்னதையே அதுவும் சொன்னது. கோகிலா தம் பழைய வாக்கியத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் புதிய வாக்கியத்தை எழுதினார். இப்போது ஓசூரில் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனமொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள், ‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மேடம்’ என்று தொடங்கினால் அவர் கேட்பதேயில்லை என்கிறார்கள்.

நீங்கள் இந்த ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளும்போது, செய்யாமல் விட்டவை இவை:

கலங்காமல் காப்பாற்றப்பட்ட லைசோசைம் உண்மையில் சரியான வடிவத்துக்கு மடிந்ததா, வெறுமனே ஒட்டாமல் மட்டும் நின்றதா என்பதைப் பார்க்கவில்லை. பாக்டீரியா உறையை உடைக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முழுப் பரிசோதனையையும் நொதியின் சொந்தச் சூட்டில் செய்யவில்லை. அந்தச் சூட்டைத் தாங்கும் வேறொரு புரதம் வேண்டும்.

உப்பளங்களில் வாழும் ஆர்க்கியாவின் இதே நொதியில், பின்முனையில் கூடுதலாக ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

மையப் பகுதியிலிருந்து பிரித்தெடுத்த செருகலை மட்டும் தனியே உற்பத்தி செய்ய மேடம் தொடங்கியிருந்தார். மரபணுத் துண்டு தயார். உறைபெட்டியின் மேல்தட்டில், இடப்பக்கப் பெட்டியில் இருக்கிறது. அது தனியாக வடிவம் கொண்டு நிற்குமா, நின்றால் வேலை செய்யுமா என்பது தெரியாது. நான் தொடரவில்லை. உங்களில் ஒருவர் தொடரலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை.